தடயம் காப்போம்! சாட்சி சொல்வோம்!

(மகாராஜபுரம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், காவல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெண் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக, அவர் பேசிய விதத்திலேயே தருகிறோம். கடைசியில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் உள்ளன.)



உங்கள் தலைவி எனக்குப் போன் பண்ணினபோது, "போலீஸ் ஒரு கேஸை எப்படி விசாரிக்குது, கோர்ட்டில் எப்படி நிரூபிக்குதுன்னு எங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்கம்மா" என்று கேட்டார். நான் பல வருஷம் கோர்ட் டியூட்டி பார்த்தவள். ஸ்டேஷனில் இருந்து பொருளைக் கோர்ட்டில் சேர்ப்பது, சாட்சிகளுக்குச் சம்மன் கொடுப்பது, கேஸ் அன்றைக்குச் சாட்சியைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவது எல்லாம் என் வேலை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாத பெரிய விஷயங்களை வக்கீல்களிடம் கேட்டுக்கோங்க.

ஒரு ஊரில் ஒரு சம்பவம் நடந்தால் முதலில் ஓடிவந்து நிற்பது பெண்கள்தான். வத்திராயிருப்பு ஸ்டேஷனில் இருந்து ஜீப் கிளம்பி இங்கே வந்து சேருவதற்குள் வாசலில் ஐம்பது பேர் நிற்பார்கள். ஒருத்தி அழுவாள், ஒருத்தி தண்ணி கொடுப்பாள், இன்னொருத்தி துடைப்பத்தை எடுப்பாள். அந்தத் துடைப்பத்தைப் பற்றித்தான் இன்றைக்கு முதலில் பேசப்போகிறேன்.

நம்மை அப்படி வளர்த்திருக்கிறார்கள். வீடு அலங்கோலமாகக் கிடந்தால் கை சும்மா இருக்காது. உடைந்த தம்ளரைப் பொறுக்குவோம், சிந்தின ரத்தத்தைச் சாணி கரைத்து மெழுகுவோம், செத்துப்போன பிள்ளையின் சேலை விலகியிருந்தால் மாற்றி விடுவோம். எல்லாம் நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அழிவது எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் திரும்ப வராது. குத்தினவன் போலீஸுக்குப் பயந்து அழிக்காததை, சொந்தக்காரி பாசத்தில் அழித்துவிட்ட வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். மூச்சு இருந்தால் தடயம், போலீஸ் எல்லாம் அப்புறம். 108-ஐக் கூப்பிடுங்க. தூக்கில் தொங்குகிறவரை இறக்கித்தான் ஆகணும். இறக்கும்போது முடிச்சை அவிழ்க்காதீங்க. முடிச்சு அப்படியே இருக்க, அதற்குத் தள்ளிக் கயிற்றை அறுங்க. முடிச்சை வைத்து, அது அவரே போட்டதா, அடுத்தவர் போட்டதா என்று டாக்டரும் நிபுணரும் பார்ப்பார்கள். மருந்து குடித்திருந்தால் அந்தப் பாட்டிலை ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டு போங்க. என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியாக வைத்தியம் பார்க்க முடியும். அவர் குடித்த தம்ளரைக் கழுவாமல் ஒரு ஓரமாக வையுங்க. வாந்தி எடுத்த துணியையும் அலசிப் போடாதீங்க.

உயிர் போய்விட்டது என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, குழுவில் இரண்டு பேர் வாசலில் உட்காருங்க. ஆடு, கோழி, நாய் உள்ளே போகாமல் பாருங்க. செல்போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிற இளவட்டங்களை விரட்டுங்க. கல்யாணம் ஆகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால், போலீஸோடு கோட்டாட்சியரும் வந்து விசாரிப்பார். அவர் வரும்வரை உடம்பைக் குளிப்பாட்டி மாலை போட்டு வைக்கச் சொன்னால் கேட்காதீங்க. "சீக்கிரம் எடுத்துடுவோம்" என்று யார் அவசரப்படுகிறார்கள் என்பதையும் மனசில் குறித்துக்கொள்ளுங்க.

பாலியல் குற்றம் நடந்த பெண் அல்லது பிள்ளை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முதலில் தலைக்குத் தண்ணி ஊற்றுவதுதான் நம் வழக்கம். அதைச் செய்யாதீங்க. போட்டிருந்த துணியைத் துவைக்காதீங்க. நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் இலவசமாக முதலுதவியும் வைத்தியமும் பார்த்தே ஆகணும் என்பது சட்டம். குளித்துவிட்டாளே, இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். நாள் கடந்தாலும் கிடைக்கக்கூடியது சிலது உண்டு. இரண்டு விரல் பரிசோதனை என்று ஒரு கேவலமான முறை முன்பு இருந்தது. அது கூடவே கூடாது என்று 2022-ல் சென்னை உயர்நீதிமன்றமும் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டன. யாராவது செய்ய வந்தால் தடுத்துக் கேளுங்க.

சரி, போலீஸ் வந்தாச்சு. அவர்கள் என்ன செய்கிறார்கள்?

இன்ஸ்பெக்டர் வந்ததும் இரண்டு சாட்சிகளை வைத்து பார்வை மகஜர் எழுதுவார். எந்தத் திசையில் வாசல், கட்டில் எங்கே கிடந்தது, விளக்கு எரிந்ததா என்று கண்ணால் பார்த்ததை எல்லாம் எழுதணும். கூடவே இடத்தின் மாதிரி வரைபடம் போடுவார். பெரிய குற்றம் என்றால் கைரேகை நிபுணர், மோப்ப நாய், போட்டோகிராபர், தடய அறிவியல் ஆட்கள் வருவார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதன் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. எனக்கே வாயில் நுழையக் கொஞ்ச நாள் ஆனது. அதன்படி 7 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆகணும். மாநிலங்கள் இதைப் படிப்படியாகக் கொண்டுவர 5 வருஷம் வரை அவகாசம் உண்டு. சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுக்கணும் என்றும் இருக்கிறது. செல்போனில் எடுத்தாலும் போதும்.

மண் எடுப்பதைப் பார்த்து நம் ஆட்கள் சிரிப்பார்கள். ரத்தம் படிந்த மண்ணைக் கொஞ்சம் எடுப்பார்கள். பக்கத்திலேயே ரத்தம் படியாத சாதா மண்ணையும் கொஞ்சம் எடுப்பார்கள். "எதுக்கு வெறும் மண்ணு?" என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டார். அந்த மண்ணின் இயற்கை என்ன என்று தெரிந்தால்தான் அதில் புதிதாகச் சேர்ந்தது என்ன என்று ஆய்வகத்தில் பிரித்துச் சொல்ல முடியும். சோறு பொங்கும்போது போட்ட உப்பு கூடியிருக்கா என்று பார்க்க, உப்புப் போடாத கஞ்சியை ருசி பார்த்த மாதிரி.

ரத்தம் பட்ட துணியை நிழலில் காயவைத்து, காகிதத்தில்தான் மடிக்கணும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் கெட்டுவிடும். இது உங்களுக்குப் புதுசு இல்லை. ஈரம் காயாத வத்தலையும் வடகத்தையும் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் என்ன ஆகும்? வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ரத்தக் கறையும் அப்படித்தான். ஆகவே ஆஸ்பத்திரியிலோ வீட்டிலோ துணியை உங்கள் கையில் கொடுத்தால், பழைய நியூஸ் பேப்பர் வேண்டாம், சுத்தமான காகிதப் பையில் தனித்தனியாக வையுங்க. அவனுடைய சட்டையையும் இவளுடைய சேலையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், ஒன்றில் இருந்தது இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எது யாருடையது என்று யாரால் சொல்ல முடியும்?

இனி நான் சொல்லப் போவது கேஸில் பாதி. பொருளை எடுத்தால் மட்டும் போதாது. எடுத்த பொருள் யார் யார் கைக்குப் போனது என்பதற்குக் கணக்கு இருக்கணும்.

இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சேமிப்புப் பணத்தை ஊக்குநர் வாங்குகிறார், பற்றுச்சீட்டுப் போடுகிறார், ரொக்கப் புத்தகத்தில் எழுதுகிறார், பேங்கில் கட்டுகிறார், சலானைக் கூட்டத்தில் காட்டுகிறார். இடையில் ஒரு நாள் அந்தப் பணம் எங்கே இருந்தது என்று எழுதாமல் விட்டால், பணம் சரியாக இருந்தாலும் உறுப்பினர்கள் சும்மா இருப்பார்களா? "அந்த ஒரு நாள் எங்கேம்மா இருந்தது?" என்று கேட்பீர்கள். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பதும் அதே கேள்விதான். அரிவாளைக் கைப்பற்றினது செவ்வாய்க்கிழமை, கோர்ட்டுக்கு வந்தது அடுத்த வாரம் திங்கள். இடையில் அது எங்கே இருந்தது? அரக்கு முத்திரை வைத்திருந்ததா? யார் காவலில் இருந்தது? ஆய்வகத்துக்குக் கொண்டுபோன காவலர் யார், அவர் வாங்கின ரசீது எங்கே? இதில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால் அரிவாள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் குற்ற எண் எழுதின சீட்டு ஒட்டி, சாட்சிகள் கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்துக் கோர்ட்டில் ஒப்படைப்போம். கோர்ட் வழியாகத்தான் அது ஆய்வகத்துக்குப் போகும். கோர்ட்டில் அதற்குச் சான்றுப் பொருள் என்று நம்பர் விழும். நான் அந்த மூட்டைகளைச் சுமந்து பஸ்ஸில் மதுரைக்குப் போயிருக்கிறேன். கண்டக்டர் என்ன மூட்டை என்று கேட்பார், சொன்னால் பக்கத்துச் சீட்டில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்.

தடயம் எவ்வளவு பேசும் என்பதற்குப் பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1952 ஆகஸ்டில் சென்னையில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறியது. மானாமதுரை ஸ்டேஷனில் அதை இறக்கித் திறந்தால் உள்ளே தலை இல்லாத ஒரு உடம்பு. தலை தனியாகச் சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆள் யார் என்றே தெரியக் கூடாது என்று வெட்டி, ஒன்றை ரயிலிலும் ஒன்றைக் கடற்கரையிலும் போட்டார்கள். ஆனால் சென்னை மருத்துவக் கல்லூரியில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். காது குத்தின அடையாளமும் பல்வரிசையும் பேசின. அவர் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். அங்கே பதிந்திருந்த கைரேகையும் பொருந்தியது. 1953-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் இரண்டு பேருக்குத் தண்டனை ஆனது. டி.என்.ஏ. என்ற பேச்சே இல்லாத காலம் அது. கண்ணால் கவனித்ததையும் எழுதிவைத்ததையும் கொண்டே ஜெயித்தார்கள்.

இப்போது கேமரா, செல்போன் காலம். இதிலும் ஒரு முதல் ஒரு மணி நேரம் உண்டு. 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்ற தகப்பனும் பென்னிக்ஸ் என்ற மகனும் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு இறந்துபோனார்கள். என் துறை சம்பந்தப்பட்டது, ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராவில் அன்றைய பதிவு இல்லை என்று கண்டார். தினம் தினம் தானாக அழிகிற மாதிரி அதை வைத்திருந்தார்கள். அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி என்ற பெண், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அதை அழித்துவிடுவார்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். கூட வேலை பார்க்கிறவர்கள் சுற்றி நிற்கும்போது சொன்னார். தடயத்தைக் காப்பாற்ற அந்தப் போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த் துறை தன் பொறுப்பில் எடுக்கணும் என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டது. தடயத்தைக் காக்கிற கடமை எல்லாருக்கும் பொது. போலீஸே குற்றம் செய்தால் அது இரண்டு மடங்கு.

அதனால் உங்கள் தெருவிலோ, ரேஷன் கடை அருகிலோ, கோயில் வாசலிலோ கேமரா இருந்து ஏதாவது நடந்தால், முதல் நாளே போலீஸிடம் "அங்கே கேமரா இருக்கு, பதிவை எடுங்க" என்று புகாரில் எழுதிக் கொடுங்க. ஒரு வாரம் கழித்துப் போனால் மேலேயே புதுசு பதிந்து பழசு போயிருக்கும். அந்தப் பதிவைக் கோர்ட் ஏற்க அதைப் பற்றின சான்றிதழ் ஒன்று கட்டாயம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. புதுச் சட்டத்தில் அந்தப் பதிவுக்கு ஆள் ரேகை மாதிரி ஒரு நீளமான எண்ணையும் அந்தச் சான்றிதழில் குறிக்கணும். பதிவில் ஒரு நொடியை மாற்றினாலும் எண் மாறிவிடும். அது போலீஸ் வேலை. நம் வேலை பதிவு அழியுமுன் சொல்வது.

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018-ல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியை ஒருவர் மாணவிகளுக்குப் போன் பண்ணித் தவறான வழிக்கு அழைத்தது ஆடியோவாக வெளியே வந்ததே, ஞாபகம் இருக்கா? அந்தப் பிள்ளைகள் பயந்து போனை அணைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். பதிவு செய்தார்கள், வைத்திருந்தார்கள், சொன்னார்கள். அந்தக் குரல் அவருடையதுதானா என்று பார்க்க, குரல் மாதிரி எடுத்துச் சென்னை மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்தில் சோதித்தார்கள். 2024 ஏப்ரலில் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் கோர்ட் அவருக்கு 10 வருஷம் தண்டனை கொடுத்தது. அதே வழக்கில் இருந்த மற்ற இரண்டு பேரைக் குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்று விடுதலை செய்தது. ஒரே வழக்கு, ஒரே கோர்ட். யார் மேல் சாட்சியம் நின்றதோ அவருக்குத் தண்டனை. ஊர் என்ன பேசியது என்பதை நீதிபதி பார்க்க முடியாது, மேஜைக்கு என்ன வந்தது என்பதைத்தான் பார்க்க முடியும்.

ஆகவே மிரட்டல் போன், ஆபாச மெசேஜ், லோன் ஆப்காரன் அனுப்புகிற படம் எதையும் அசிங்கம் என்று அழிக்காதீங்க. அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம். அந்தப் போனையே பத்திரமாக வையுங்க. பண மோசடி என்றால் உடனே 1930-க்குச் சொல்லுங்க.

இனிக் கோர்ட். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கு. ஆண்டாள் கோயிலுக்குப் போகிற நீங்கள் அந்தக் கட்டடத்துக்குள் போகப் பயப்படுகிறீர்கள்.

போலீஸ் உங்களை விசாரித்து எழுதுகிற வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது. சட்டமே அப்படித்தான். மகஜரில் கையெழுத்து வேறு, அது உண்டு. வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடுவீர்களா? அதே மாதிரிதான். சாட்சியாக இருக்கிற பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவள் வீட்டில் வந்துதான் விசாரிக்கணும். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்கணும்.

போலீஸிடம் ஒருவன் "நான்தான் செய்தேன்" என்று ஒத்துக்கொண்டாலும் அது கோர்ட்டில் செல்லாது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அடித்து வாங்கியிருக்கலாம் என்பதால் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே அப்படித்தான். ஆனால் அவன் சொல்லி, அவன் காட்டின இடத்தில் அரிவாள் கிடைத்தால், அந்த அளவுக்கு மட்டும் அது சாட்சியம். அதற்குத்தான் வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்கும் முள்காட்டுக்கும் போவோம்.

கேஸ் விசாரணைக்கு வருவதற்குள் வருஷம் ஓடிவிடும். விசாரித்த இன்ஸ்பெக்டர் மாறுதலாகி எங்கேயோ இருப்பார். அவர் கேஸ் டைரியையும் மகஜரையும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் கூண்டில் ஏறுவார். உங்களுக்கு டைரி இல்லை. அதனால் சம்பவம் நடந்த அன்றைக்கே யாரிடமாவது சொல்லி, பார்த்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்க.  முதல் நாள் ராத்திரி உங்கள் ஞாபகத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

கூண்டில் ஏறினால் முதலில் அரசு வக்கீல் கேட்பார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை. அங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். நான் பார்த்த ஒரு அம்மா தடுமாறவில்லை. படிக்காதவர், கூலி வேலை. வக்கீல் கேட்டார்: "எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" "மணி தெரியாது சாமி. டவுன் பஸ் வந்து திரும்பின நேரம்." "வாட்ச் கட்டியிருந்தீங்களா?" "வாட்ச் இல்லை." "அப்போ நேரம் தெரியாமத்தான் சொல்றீங்க?" "நேரம் தெரியாது. ஆளைத் தெரியும்." அவ்வளவுதான். "இரவு சரியாக 8 மணி 10 நிமிஷம்" என்று யாராவது சொல்லிக்கொடுத்து அவர் ஒப்பித்திருந்தால், அடுத்த கேள்வியில் மாட்டியிருப்பார். பார்த்ததைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்க. கோபப்படுத்தத்தான் சில கேள்விகள் கேட்பார்கள், நீதிபதியைப் பார்த்துப் பதில் சொல்லுங்க.

சாட்சி மாறினால் என்ன ஆகும்? 2015 ஜூன் 23-ம் தேதி திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு போன கோகுல்ராஜ் என்ற இன்ஜினியரிங் படித்த பையன், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். வேறு சாதிப் பெண்ணோடு பேசினான் என்பதுதான் காரணம். தற்கொலை என்று காட்ட அவன் கையாலேயே கடிதம் எழுத வைத்திருந்தார்கள். கூட இருந்த தோழி முதலில் மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். விசாரணைக் கோர்ட்டில் மாறிவிட்டார், பிறழ் சாட்சி ஆனார். பின்னால் உயர்நீதிமன்றம் கூப்பிட்டுக் கோயில் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டியபோது, அதில் இருக்கிற பெண் நான் இல்லை என்றார். நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வந்தது. நான் அந்தப் பெண்ணைத் திட்ட வரவில்லை. அவருக்கு என்ன பயமோ. ஆனால் அந்தப் பையனின் தாயார் விடவில்லை. வழக்கை நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் 2 பேர் கோயிலுக்கே நேரில் போய்க் கேமரா எங்கெங்கே இருந்தது என்று பார்த்தார்கள். 2023 ஜூனில் முதல் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தார்கள். வாய் மாறியது, கோயில் கேமரா மாறவில்லை.

எல்லா ஊரிலும் அப்படிக் கேமரா இருக்காது. அங்கே நாம்தான் கேமரா.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"மகஜரில் கையெழுத்துப் போட்டா கோர்ட்டுக்கு அலையணுமே, போடாம இருந்தா என்ன?"

அலைய வேண்டி வரும், பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் ஊரில் ஒருத்தரும் முன்வருவதில்லை, தெரிந்த ஆளையே திரும்பத் திரும்பச் சாட்சியாகப் போடுகிறார்கள், அதையே வக்கீல் பிடித்துக்கொள்கிறார். முழுதும் படித்துக் காட்டச் சொல்லி, எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் போடுங்க. இரண்டு பேர் சேர்ந்து போனால் கோர்ட்டுக்கும் இரண்டு பேராகப் போகலாம்.

"சாட்சி சொன்னா வீட்டுக்கு வந்து மிரட்டுவாங்களே?"

மிரட்டுவது தனிக் குற்றம், அதற்கே புகார் கொடுக்கலாம். 2018-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையில் உள்ள குழுவுக்கு மனுக் கொடுத்தால் போலீஸ் பாதுகாப்பு வரை கிடைக்க வழி உண்டு. மனு எழுத வக்கீலுக்குக் காசு வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100-க்குப் போனும் பண்ணலாம். வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கு 181.

"ஒரு நாள் கோர்ட்டுக்குப் போனா நூறு நாள் வேலைக் கூலி போகுதே?"

சாட்சிக்குப் படி உண்டு, பஸ் செலவும் உண்டு. பலர் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். சம்மனைக் கையில் எடுத்துக்கொண்டு போங்க. சாட்சி சொல்லி முடித்ததும், இல்லை வாய்தா போட்டுவிட்டார்கள் என்றாலும், அங்கே இருக்கிற கோர்ட் காவலரிடம் "படி எங்கே வாங்கணும்?" என்று கேளுங்க. அவர் சிரஸ்தாரிடம் கூட்டிப் போவார். மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்க, பெயரைக் கூப்பிடச் சாயங்காலமும் ஆகும். கூப்பிடும் நேரம் வாசலில் இல்லை என்றால் சாட்சி வரவில்லை என்று எழுதிவிடுவார்கள், அதனால் டீ குடிக்கப் போனாலும் ஒருத்தியை அங்கேயே நிறுத்திவிட்டுப் போங்க.